கொடுக்காப்புளி குடும்பத்தை வரைந்தவன்

டி.வி.யில் ஓர் ஆடு செருப்பைத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பமோ இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தது.

நிஜ ஆடு இல்லை, கார்ட்டூன் ஆடு. செருப்பைப் பறிகொடுத்த பெரிய மனிதர் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே வீடு திரும்ப, கெடா மீசை வைத்த ஒருவர் வேட்டி அவிழ்வது தெரியாமல் ஆட்டைத் துரத்தினார். எனக்குச் சிரிப்பு முட்டியது. ரோஹிணி மேடம் என் காலை மிதித்தார்.

"இதுக்குத்தான் எங்களை சித்தூர்லேர்ந்து கூப்பிட்டீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"இதுக்குத்தாம்மா," என்றார் வீட்டுக்காரர் இயேசுதாசன். "அந்த மீசைக்காரன் நான்தான்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மீசை இருந்த சுவடே இல்லை, மழுமழுவென்று இருந்தது. இருந்தாலும் அந்த மூக்கும், பேசும்போது தாடையை முன்னால் தள்ளுகிற விதமும் அச்சு அசல் அதுதான்.

என்னைப் பற்றி ஒரு வரி. லோகேஸ்வரன், ஊர் நகரி. எங்கள் வீட்டில் எல்லோரும் பவர்லூம் ஓட்டுகிறார்கள், நான் வாய் ஓட்டுகிறேன். அந்த ஒரே தகுதியை நம்பி என்னை உதவியாளனாக வைத்துக்கொண்டிருப்பவர் ரோஹிணி மேடம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டு சித்தூரில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டுவிட்டார். யார் பொய் சொன்னாலும் அவருக்குத் தெரிந்துவிடும். மாதத்தில் பாதி நாள் நான் தாமதமாக வருவதற்குச் சொல்லும் காரணங்கள் உட்பட.

விவகாரம் இதுதான். 'கொடுக்காப்புளி குடும்பம்' என்று இணையத்தில் ஒரு கார்ட்டூன் தொடர். முகப்பிலேயே 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று போட்டுவிடுகிறார்கள், அதனால் பொடிசுகள் ஒரு வாரம்கூட விடாமல் பார்க்கின்றன. ஒரு கிராமத்துக் குடும்பம். ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றுவார்கள், காட்டிக்கொடுப்பார்கள், காது கூசும்படி வைதுகொள்வார்கள், கடைசியில் ஒரே கூடத்தில் படுத்துக் குறட்டை விடுவார்கள். சனிக்கிழமைதோறும் புதிதாக ஒன்று வரும். ஆந்திர-தமிழக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டீக்கடைகளில் அதுதான் பேச்சு. நானே அதற்கு ரசிகன். எடுப்பது யார் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

பிச்சாட்டூர் அணைக்குப் பக்கத்தில் இருந்த இந்த வீட்டில் நடப்பதெல்லாம் அடுத்த வாரமே அதில் வந்துகொண்டிருந்தது. இயேசுதாசன் மாந்தோப்புக்காரர், சபையில் மூப்பர். மாங்கூழ் ஃபாக்டரி வாசலில் எடை போடுகிறவனோடு அவர் சண்டை போட்டபோது பல்செட் தெறித்து மாங்காய்க் குவியலில் விழுந்தது. அது வந்தது. மகன் ஸ்டீவன் கான்ஸ்டபிள் தேர்வில் தோற்றுவிட்டு, வாடகை யூனிஃபார்மில் செல்ஃபி எடுத்துப் பெண் வீட்டுக்கு அனுப்பினான். அதுவும் வந்தது.

"என் சீன்தான் சார் செம ஹிட்டு," என்றான் ஸ்டீவன். அவன் வெட்கத்தைத் தாண்டிப் போய்விட்டவன்.

"வாயை மூட்றா," என்றார் இயேசுதாசன். "கல்யாணம் நின்னுடும்போல இருக்குது, இவனுக்கு ஹிட்டு கேக்குது."

நிற்கப்போவது மகள் பிளெஸ்ஸியின் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் தடா. போன சனிக்கிழமை கார்ட்டூனில் வரும் மகள், மாப்பிள்ளையின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, 'தலையில முடி இல்லியே, இவரை ஏத்துக்கற மனசு எனக்கு வரணுமே' என்று அழுதாள். தடாக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தலையும் அவர்கள் வீட்டில்தானே இருக்கிறது, அடையாளம் தெரியாமலா போகும்.

இவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். இரண்டு ஓலை முடிந்திருந்தது. இந்த ஞாயிறு மூன்றாவது. நேற்று மாப்பிள்ளையின் அப்பா ஃபோன் செய்து, சனிக்கிழமை இன்னொரு படம் வந்தால் ஞாயிறு தானே எழுந்து நின்று ஆட்சேபம் சொல்வேன் என்று வைத்துவிட்டார். இன்று வியாழன்.

"முடியைப் பத்தி யார்கிட்ட சொன்னே?" என்று பிளெஸ்ஸியிடம் கேட்டார் மேடம்.

"யார்கிட்டயும் சொல்லலக்கா. சத்தியமா சொல்லல." அவள் கண்கள் வீங்கியிருந்தன. "இப்போ எனக்கு அவரைப் புடிச்சிருக்குது. அத்த யாரு படத்துல போடுவாங்க?"

டி.வி.யில் ஆடு இன்னும் மென்றுகொண்டிருந்தது. குடும்பமே முறைத்துக்கொண்டிருக்க, இயேசுதாசனின் மனைவி ஞானம்மாள் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடக்கமாட்டாமல் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"இந்த ஆடு விஷயம் எப்ப நடந்தது?" என்றார் மேடம்.

"அது மட்டும் நடக்கவே இல்ல மேடம்," என்றான் ஸ்டீவன். "எங்க வீட்ல இப்ப ஆடே கிடையாது. ரொம்ப முன்னாடி ஒண்ணு இருந்துச்சு."

நான் என் கடமையைச் செய்தேன். வீட்டுக்குள் மைக் ஒளித்துவைத்திருப்பார்கள் என்பது என் சித்தாந்தம். கட்டிலுக்கு அடியில், ஸ்விட்ச் பெட்டிக்குள், கடிகாரத்தின் பின்னால் எல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் ஆர்மோனியத்தைத் திறந்தேன். உள்ளே ஒரு கட்டு பீடி இருந்தது. மூப்பர் இயேசுதாசன் கூரையைப் பார்த்தார். சத்தமில்லாமல் மூடிவைத்தேன்.

"மைக் இல்ல மேடம். காத்து மட்டும் வருது," என்றேன்.

மேடம் என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு வட்டமான இடம் கற்பலகை போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் போர்வெல் மோட்டார்.

"கார்ட்டூன்ல அந்த அம்மா என்ன பண்ணும், லோகு?"

"கிணத்துல குனிஞ்சு தன் கஷ்டத்தையெல்லாம் சொல்லும். கிணறு பதிலே பேசாது. ரசிகன்கிட்டயே கேக்கறீங்களே."

"விசாரிச்சுட்டேன், இதான் அந்தக் கிணறு. போர் போட்ட வருஷம் மூடிட்டாங்க. மூப்பர் ஆனதும் அவர் மீசையை எடுத்துட்டார். வாசல் புளியமரத்தை வெட்டியாச்சு. கார்ட்டூன்ல மூணும் இருக்கு."

"அப்போ பழைய கதையா?"

"கதை புதுசு. முடி விஷயம் போன வாரத்துது. வரையறவனுக்குக் கண் பழசு, காது புதுசு. இந்த வீட்டை எப்பவோ பார்த்தவன், ஆனா இன்னிக்கும் கேட்டுக்கிட்டிருக்கறவன்."

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர் இயேசுதாசன் வம்சத்தையே இழுத்து வைதார். பக்கத்துத் தோப்பு பாபு. வேலி தகராறு இரண்டு மாதமாக நடக்கிறதாம். இயேசுதாசன் பின்கட்டிலிருந்தே பதிலுக்கு வைதார். நான் அதுவரை கேட்டிராத இரண்டு வார்த்தைகளை மனதில் குறித்துக்கொண்டேன்.

மேடம் அப்படியே நின்றுவிட்டார். "லோகு, இந்தச் சண்டை அணை வரைக்கும் கேக்குது. இது ஏன் கார்ட்டூன்ல வரல? பொண்ணு மனசுக்குள்ள நினைச்சது வருது, ஊரே கேட்டது வரல."

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார்.

"பிளெஸ்ஸி, யார்கிட்டயும் சொல்லலன்னியே. ஆண்டவர்கிட்ட?"

"ஆண்டவர்கிட்டயா? அவர்கிட்ட சொல்லாம எப்படிக்கா? அம்மாவும் நானும் அடுப்பங்கரைல முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணோம். அத்தப் போயி சொன்னதுன்னு எப்படிச் சொல்றது?"

"அந்தப் பல்செட்?"

"குடும்ப ஜெபத்துல சொன்னேன்," என்றார் இயேசுதாசன். "கோவத்தை அடக்க பெலன் கேட்டேன்."

"யூனிஃபார்ம்?"

"நானும் பாவ அறிக்கை பண்ணேன் மேடம்," என்றான் ஸ்டீவன்.

"வேலி தகராறுக்கு ஜெபம் பண்ணலையா ஐயா?"

இயேசுதாசனுக்கு மூக்கு விடைத்தது. "நியாயம் நம்ம பக்கம் இருக்கும்போது ஜெபம் எதுக்கும்மா?"

மேடம் தலையாட்டினார். இந்த வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. கடவுளிடம் சொன்னதை யாரிடமும் சொல்லாத கணக்கில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் ஜெபமும் சுருக்கமாக இருக்காது. யார், எங்கே, எந்தக் கடையில், என்ன கலர் சட்டை என்பது வரை ஆண்டவருக்கு விளக்கமாகச் சொல்வார்கள்.

"சாயந்திரம் ஜெபத்துக்கு நாங்களும் இருக்கலாமா?" என்று கேட்டார் மேடம்.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் எல்லோரும் கூடத்தில் முழங்காலிட்டார்கள். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டார்கள். கண்களை மூடினோம். ஸ்டீவன், இந்த வருஷமாவது ஓட்டத் தேர்வில் மூச்சு வாங்காமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டான். பிளெஸ்ஸி, 'ஆண்டவரே' என்ற ஒரு வார்த்தையோடு அழுதுவிட்டாள். அப்புறம் இயேசுதாசனின் குரல் எழுந்தது. "ஆண்டவரே, இந்தப் படத்தை எடுத்து எங்க மானத்தை வாங்கிக்கினு கீறானே, அவன் கையை…"

நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். மேடம் மூடவில்லை. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

ஜெபம் முடிந்ததும் மேடம் நேராக அடுப்பங்கரைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஞானம்மாள் சோற்றை வடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, முக்காட்டுக்குள்ள ஃபோன் யாருக்கு?"

ஞானம்மாள் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. நான் பிடித்துக்கொண்டேன். சூடு. கத்தவும் முடியாத நேரம்.

"ஜெபம் ஆரம்பிக்கும்போது முக்காட்டுக்குள்ள வெளிச்சம் வந்தது. உங்க வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பத்தி ஆரம்பிச்சதும் உங்க கை உள்ள போச்சு, மறுபடி வெளிச்சம் வந்து அணைஞ்சுது. கட் பண்ணிட்டீங்க. கூடத்துல குடும்ப போட்டோ மேல ஒரு பைபிள் வசன அட்டையை ஒட்டியிருக்கீங்க. அது மறைக்கிற ஆள் யாரு?"

அந்த அம்மாள் கூடத்துப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, மூச்சுக் குரலில் சொன்னார். "என் பெரியவன். காலேப்."

ஏழு வருஷத்துக்கு முன் சபையின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் காலேப் ஒரு குட்டி கார்ட்டூன் போட்டுக் காட்டினான். பிரசங்கத்தில் தூங்கிவிழுந்து, திடீரென்று எழுந்து, பக்கத்தில் இருப்பவனைத் தூங்காதே என்று அதட்டும் ஒரு மீசைக்காரர். சபையே சிரித்தது. இயேசுதாசன் அத்தனை பேர் முன்னால் மகனை அறைந்து, இனி என் வாசப்படி மிதிக்காதே என்றார். வீட்டுக்கு வந்ததும் மனைவியின் கையைப் பைபிள் மேல் வைத்து, அவனோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"நான் பேசலம்மா," என்றார் ஞானம்மாள். "கர்த்தர் சாட்சியா ஒரு வார்த்தை பேசல. ஃபோனை வெச்சுக்கினு ஆண்டவர்கிட்டதான் பேசறேன். அவன் அந்தப் பக்கம் கேட்டுக்கினு கீறான். அவன் பேசினா நான் பதில் பேசிடுவேன், சத்தியம் உடைஞ்சுடும். அது அவனுக்கும் தெரியும். அதனால வாயே தொறக்க மாட்டான்."

எந்த வக்கீலாலும் அந்தச் சத்தியத்தில் இப்படி ஒரு சந்து கண்டுபிடிக்க முடியாது. பாராட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

"எங்க இருக்கார்?"

"தெரியாதும்மா. நம்பர் மட்டும்தான். இவர்கிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா இருக்கற ஃபோனும் போயிடும்."

மேடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை, ஞானம்மாளிடம் வாங்கிய அந்த எண்ணுக்கு கொரியர்காரனாக நான் தெலுங்கில் பேசினேன். "சார், கொரியர் அண்டி. டோர் நெம்பர் செரிகிபோயிந்தி, அட்ரஸ் செப்தாரா?" அரை நிமிடத்தில் முகவரி வந்தது. திருப்பதி, ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மாடி அறை.

தெரு முழுக்க மொட்டைகள். மலையிலிருந்து இறங்கியவர்கள் சந்தனம் பூசிய தலைகளோடு இட்லிக் கடையில் நின்றிருந்தார்கள்.

"மேடம், இவ்வளவு மொட்டைக்கு நடுவுல உக்காந்துக்கினு ஒரு மாப்பிள்ளையோட வழுக்கையைக் கிண்டல் பண்ணியிருக்கானே, என்ன நெஞ்சழுத்தம்!"

கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் என் பேச்சு நின்றது. மெலிந்த ஆள், முப்பது வயதிருக்கும். முகத்தில் அந்தக் கெடா மீசை. அப்பா எடுத்துவிட்ட மீசையை மகன் வைத்துக்கொண்டிருந்தான்.

"காலேப்தானே? பிச்சாட்டூர்லேர்ந்து வரோம். உங்க அப்பா அனுப்பினார்," என்றார் மேடம்.

"நைனாவா?" அந்த முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்கக் கூடாது. சட்டென்று உள்ளே போய் நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினான், தண்ணீர் கொண்டுவந்தான். "நைனா என்னைக் கூட்டியாரச் சொன்னாரா?"

"இல்லப்பா. படம் எடுக்கறது யார்னு கண்டுபிடிச்சு நிறுத்தச் சொன்னார். அது நீன்னு அவருக்குத் தெரியாது."

அவன் கையிலிருந்த தண்ணீர் டம்ளரை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான். நான் வாங்கிக்கொண்டேன்.

மேடம் சுருக்கமாகச் சொன்னார். தடா மாப்பிள்ளை, மூன்றாவது ஓலை, ஞாயிறு ஆட்சேபம். காலேப் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்குத் தெரியாதுக்கா. பேரெல்லாம் மாத்திட்டேனே, யாருக்குத் தெரியும்னு நெனச்சேன். வீட்ல நடக்கறது எல்லாத்தையும் கேக்கறேன், இத்த மட்டும் யாரும் ஜெபத்துல சொல்லலியே!"

மேடம் என்னைப் பார்த்தார். முக்காட்டுக்குள் அணைந்த வெளிச்சம் எங்கள் இருவருக்கும் ஞாபகம் வந்தது. அப்பாவின் சாபம் பிள்ளை காதில் விழக் கூடாது என்று தாய் ஃபோனை வைத்துவிட்டாள். அப்படித்தான் நானும் நினைத்தேன், மேடமும் நினைத்தார்.

"ஏன் இந்தப் படத்தை எடுத்தே?"

"கிண்டல் பண்றதுக்கு இல்லக்கா. தெனமும் கொஞ்ச நேரம் அந்த வீட்டுச் சத்தம் கேக்கும். அப்புறம் அமைதியாயிடும். வரைஞ்சா அவங்க கூடவே இருக்கற மாதிரி இருக்குது. நைனா கத்தறது, இவன் யூனிஃபார்ம் போடறது, எல்லாக் குரலும் நானேதான் பேசறேன். என் கூடப் பேசறதுக்கு வேற யாரு கீறாங்க?"

சனிக்கிழமைக்கான படம் தயாராக இருந்தது. போட்டுக் காட்டினான். கொடுக்காப்புளி வீட்டில் கல்யாணம். வாசலில் ஓர் இளைஞன் வந்து நிற்கிறான், அதுவரை அந்தத் தொடரில் வராதவன். முதலில் ஆடு அவனை அடையாளம் கண்டு அவனிடம் ஓடுகிறது. கொல்லையில் அம்மா கிணற்றில் குனிந்து பேசிக்கொண்டிருக்கிறாள். முதல்முறையாகக் கிணற்றுத் தண்ணீர் அசைகிறது. சத்தம் மட்டும் இல்லை.

"இந்த இடத்துல கிணறு பதில் சொல்லணும்," என்றான் காலேப். "இன்னா சொல்றதுன்னு தெரியல. அந்தக் குரலை மட்டும் இன்னும் போடல."

மேடத்துக்குக் கண் கலங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் கேட்டார். "இது வந்தா நாளைக்கு மறுநாள் உன் தங்கச்சி கல்யாணம் நிக்கும். என்ன பண்ணப்போறே?"

அவன் யோசிக்கவில்லை. எங்கள் கண்ணெதிரே அந்தப் படத்தை அழித்தான். பிறகு பழைய படங்களை ஒவ்வொன்றாக இணையத்திலிருந்து நீக்கினான். பல்செட் போயிற்று, யூனிஃபார்ம் போயிற்று. ஆட்டின் முறை வந்தபோது கொஞ்சம் தயங்கினான். அதுவும் போயிற்று.

"அம்மாவுக்கு ஏதாவது சொல்லணுமா?"

"வேணாங்க்கா. நான் சொல்லியனுப்பினா அதுவும் பேசின மாதிரிதான். அப்புறம் ஃபோனை எடுக்கவே பயப்படும். ஒண்ணும் சொல்லாதீங்க."

படியிறங்கும்போது, 'கேஸ் முடிஞ்சுது, டிஃபன் வாங்கித் தாங்க' என்று வழக்கம்போலச் சொல்ல நினைத்தேன். பசியில்லை.

சனிக்கிழமை புதுப் படம் வரவில்லை. ஞாயிறு, பிச்சாட்டூர் சபையில் போதகர் ஐயர் மூன்றாவது ஓலையை வாசித்துவிட்டு, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். தடாக்காரர்கள் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தலை ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது. பிளெஸ்ஸி அதைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள். இவ்வளவு சுத்தமாக ஒரு கேஸை நாங்கள் முடித்ததே இல்லை.

வெளியே வந்ததும் இயேசுதாசன் கை கூப்பினார்.

"ஐயா, எடுத்தது யாருன்னா…" என்று ஆரம்பித்தார் மேடம். ஞானம்மாளையும் ஃபோனையும் இழுக்காமல் எப்படிச் சொல்லப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேரு வேணாம்மா," என்றார் இயேசுதாசன் அவசரமாக. "நின்னுடுச்சு இல்ல, போதும். பேரு சொல்லாதீங்க." அவருடைய விரல் மூக்குக்குக் கீழே, மீசை இருந்த இடத்தை ஒரு முறை தடவியது. அதற்குமேல் நிற்காமல் தடாக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

சபைக்குப் பின்னால் குழாயடியில் ஞானம்மாள் எங்களுக்காகக் காத்திருந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"அவன் உசுரோட கீறானாம்மா?" என்று கேட்டார்.

மேடம் திகைத்தார். "என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? நல்லா இருக்கார். பார்த்துட்டுத்தானே வரோம். தினம் உங்க ஃபோனைக் கேக்கறார்."

"அன்னிக்கி கேட்டான், சரி. இனிமே கேக்கறானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவரே தொடர்ந்தார்.

"ஃபோனை எடுக்கறது தெரியும், எடுக்கறது அவன்தானான்னு தெரியாது, மூச்சு சத்தம்கூட வராதும்மா அதுல. அஞ்சு வருஷமா இருட்டுல பேசற மாதிரி பேசிக்கினு இருந்தேன். இந்தப் படம் வந்துச்சு. எங்க வீட்டுக் கதையா இருக்குதேன்னு எனக்குச் சந்தேகம். அதான் ஒரு நாள் அடுப்பங்கரைல ஒரு பொய் சொன்னேன். ஜெபத்துல, ஆண்டவர்கிட்ட, வாய் கூசாம சொன்னேன். நம்ம ஆடு சபை உபதேசியார் செருப்பைத் துன்னுடுச்சு ஆண்டவரேன்னு. ஆடே இல்லாத வீட்ல. அந்தச் சனிக்கிழமை ஆடு வந்துச்சு, செருப்பைத் துன்னுச்சு."

டி.வி. முன்னால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. சிரிப்பு என்று நினைத்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை அவன் எனக்கு பதில் சொன்னான். நான் சொன்னது அத்தனையும் திரும்பி வரும். இவங்க எல்லாரும் திட்டிக்கினே பாப்பாங்க. நான் புள்ளையப் பாக்கற மாதிரி பாத்துக்கினு இருந்தேன்."

"அன்னிக்கி ஜெபத்துல அவர் சபிக்கறது காலேப் காதுல விழக் கூடாதுன்னுதானே கட் பண்ணீங்க?" என்று கேட்டார் மேடம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கெஞ்சுவதுபோல இருந்தது குரல்.

ஞானம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். "சாபத்துக்கு இல்லம்மா. அவனுக்கு அதெல்லாம் பழக்கம். தங்கச்சி கல்யாணம் இதனால நிக்குதுன்னு காதுல விழுந்தா அன்னிக்கே நிறுத்திடுவான். என் புள்ளைய எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை ஜெபத்துல சொல்லியிருந்தா நீங்க வந்திருக்கவே வேணாம். அந்த வார்த்தைதான் எனக்கு வரல. பொண்ணு வாழ்க்கையும் வேணும், அவனும் வேணும். இன்னா செய்வேன்?"

எந்தப் பொய்யையும் கண்டுபிடித்துவிடும் ரோஹிணி மேடம், அடுப்பங்கரையில் உண்மையைப் பாதி மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பதிக்கு ஓடியிருந்தார்.

"ஏதாச்சும் சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

ஞானம்மாள் தலையாட்டினார். "சொல்ல மாட்டான். நல்ல புள்ள." முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். சபை வாசலில் பிளெஸ்ஸி சிரித்துக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னிக்கி சாயந்திரம் நம்ம ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சுன்னு சொல்லப்போறேன். அத்த அவன் எங்க வரைவான்?"

நான் குழாயை மூடினேன். அது முன்பே மூடித்தான் இருந்தது.